வேதியியல் செய்முறைத் தேர்வு: கையிலிருந்து தொடங்குங்கள்

செய்முறைத் தேர்வுத் தேதி தெரிந்ததும் பெரும்பாலான மாணவர்கள் முதலில் கையில் எடுப்பது உப்புகளின் பட்டியலைத்தான். நீலமா, காப்பர். இளஞ்சிவப்பா, கோபால்ட். வீழ்படிவின் (கரைசலில் கரையாமல் பிரியும் திண்மத்தின்) நிறம், வாயுவின் வாடை என்று ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஆய்வக மேசையருகே மாணவர்களோடு நின்று பழகியதில் நான் கண்டது வேறு. பியூரெட் (திருகு வைத்த, அளவுக்கோடிட்ட நீண்ட கண்ணாடிக் குழாய்) நுனியில் தங்கிய காற்றுக்குமிழி, எடுக்க மறந்த புனல், குழாய்த் தண்ணீரில் அலசிய சோதனைக்குழாய், கண் பார்த்ததை விட்டுவிட்டு மனப்பாடம் சொன்னதை எழுதிய ஒரு வரி. மதிப்பெண் நழுவுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். அதனால் கைப்பழக்கத்திலிருந்து தொடங்கலாம்.

தேர்வுக்கு மூன்று, நான்கு வாரம் இருக்கும்போதே

ரெக்கார்டு நோட்டை எடுத்து, செய்முறையின் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் பென்சிலால் ‘ஏன்?’ என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏன் இந்த அமிலம்? ஏன் இந்தக் கரைசலை மட்டும் சூடாக்குகிறோம்? ஏன் இதற்கு நிறங்காட்டி (வினை முடிந்ததை நிறமாற்றத்தால் காட்டும் பொருள்) வேண்டாம்? பதில் தெரிந்தவற்றை அடித்துக்கொண்டே வாருங்கள். மிச்சமிருப்பவற்றை ஆசிரியரிடம் கேளுங்கள். வாய்மொழித் தேர்விலும் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விகளைத்தான் கேட்பார்கள். அதோடு, காரணம் தெரிந்த படியைத் தேர்வுப் பதற்றத்திலும் யாரும் மறப்பதில்லை.

இன்னொரு பயிற்சிக்கு ரசாயனமே வேண்டாம். ஆய்வகத்தில் அரைமணி நேரம் கிடைத்தால் பியூரெட்டில் வெறும் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். இடக்கையால் திருகைப் பிடித்து, வலக்கையால் கூம்புக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே, முதலில் வேகமாகவும் பிறகு துளித்துளியாகவும் விடப் பழகுங்கள். அடுத்து, துளி நுனியில் தொங்கும்போதே திருகை மூடி, அதைக் குடுவையின் உட்சுவரில் ஒற்றி எடுத்து, கழுவு புட்டியால் உள்ளே தள்ளிப் பாருங்கள். அதுதான் அரைத்துளி. ஒரு துளி ஏறக்குறைய 0.05 மி.லி. பியூரெட்டில் ஒரு சிறு கோடு 0.1 மி.லி. கை அரைத்துளிக்குப் பழகிவிட்டால் முடிவுநிலையை (வினை முடிந்ததை நிறமாற்றம் காட்டும் கட்டத்தை) தாண்டிப் போகும் பயம் தானாகக் குறையும்.

தரம்பார்த்தல்

செறிவு தெரிந்த கரைசல் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து, தெரியாத கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பதுதான் தரம்பார்த்தல். இதில் கருவிகளைக் கழுவும் விதத்திலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பியூரெட்டை முதலில் வாலை வடிநீராலும் (காய்ச்சி வடித்த நீர்), பிறகு அதில் எந்தக் கரைசலை நிரப்பப் போகிறோமோ அந்தக் கரைசலில் சிறிதளவாலும் அலச வேண்டும். குறிப்பிட்ட அளவு கரைசலை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டுக்கும் இதே முறை. கூம்புக் குடுவையை மட்டும் வாலை வடிநீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

காரணம் எளிது. பியூரெட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் கரைசலை நீர்க்கச் செய்துவிடும். அப்போது தேவைக்கு மேல் செலவாகும், அளவீடு கூடும். குடுவையின் கதையே வேறு. அதற்குள் போகும் பொருளின் அளவைப் பிப்பெட் முடிவு செய்துவிட்டது. தண்ணீர் மிச்சமிருந்தால் ஒன்றும் ஆகாது, கரைசல் மிச்சமிருந்தால் பிப்பெட் கணக்கில் வராத பொருள் கூடிவிடும்.

பியூரெட்டை நிரப்பியதும் திருகை ஒருமுறை முழுதாகத் திறந்து, நுனிப்பகுதி கரைசலால் நிறைந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அங்கே குமிழி இருந்து, பாதி வேலையில் அது வெளியேறினால் அந்த இடத்தைக் கரைசல் பிடித்துக்கொள்ளும். குடுவைக்குப் போகாத கரைசலும் அளவீட்டில் ஏறிவிடும். அடுத்து, புனலை எடுத்துவிடுங்கள். புனலில் தொங்கும் ஒரு துளி நடுவில் விழுந்தால் அளவீடு குறைவாகக் காட்டும். பிறகுதான் தொடக்க அளவைப் பார்க்க வேண்டும்.

கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்கட்டும். நிறமற்ற கரைசல் என்றால் பிறைத்தளத்தின் (குழாயில் வளைந்து தெரியும் திரவ மேற்பரப்பின்) அடிப்பகுதியைப் படியுங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாது, மேல் விளிம்பைப் படிக்க வேண்டும். தொடக்கத்தில் மேல் விளிம்பைப் பார்த்தால் முடிவிலும் மேல் விளிம்புதான்.

பிப்பெட்டை வாயால் உறிஞ்ச வேண்டாம், ரப்பர் குமிழைப் பயன்படுத்துங்கள். கரைசல் வடிந்ததும் நுனியைக் குடுவைச் சுவரில் ஒருமுறை தொட்டு எடுத்தால் போதும். நுனியில் மிஞ்சும் அந்தச் சொட்டை ஊதித் தள்ளக் கூடாது. அது வெளியே வராது என்பதைக் கணக்கில் வைத்தே பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

பெர்மாங்கனேட் சோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். குடுவையில் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் (மோர் உப்பு) அல்லது ஆக்சாலிக் அமிலம் இருக்கும். அதோடு ஏறக்குறைய அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கிறோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகாது, அதிலுள்ள குளோரைடைப் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். நைட்ரிக் அமிலமும் ஆகாது, அது தானே ஓர் ஆக்சிஜனேற்றி. அமிலம் குறைந்துபோனால் குடுவையில் பழுப்பாகக் கலங்கும். அது மாங்கனீசு டைஆக்சைடு. பழுப்பைக் கண்டால் அந்த அளவீட்டை விட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள், அதைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

ஆக்சாலிக் அமிலத்தை 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். கொதிக்க விடக் கூடாது. ஆவி மெல்ல எழத் தொடங்கும் நேரம் சரியாக இருக்கும். அப்படிச் சூடாக்கிய பிறகும் முதல் சில துளிகளின் நிறம் மறையச் சற்று நேரமெடுக்கும். இதைப் பார்த்து முடிவுநிலை வந்துவிட்டதென்று நிறுத்தியவர்கள் பலர். பொறுங்கள். வினையில் உண்டாகும் மாங்கனஸ் அயனியே அந்த வினைக்கு வினையூக்கி. அது கொஞ்சம் சேர்ந்ததும் நிறம் சட்டென்று மறையத் தொடங்கும். ஃபெரஸ் உப்பு என்றால் சூடாக்கவே கூடாது, காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும்.

முடிவுநிலை என்பது நிலைத்து நிற்கும் வெளிர் இளஞ்சிவப்பு. பெர்மாங்கனேட்டே தன் வேலைக்கு நிறங்காட்டி. குடுவைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொள்ளுங்கள், துளி விழும் இடத்தில் பூக்கும் நிறம் அதில் தெளிவாகத் தெரியும். அடர் ஊதா வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முதல் முறை தோராயமாகப் பாருங்கள். அதில் 19.6 என்று வந்தால், அடுத்த முறை 18.5 வரை வேகமாக விட்டு, அப்புறம் துளித்துளியாகப் போகலாம். அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்து வரும்வரை செய்யுங்கள். ஒத்து வராவிட்டால் எண்ணைத் திருத்தி எழுதும் ஆசை வரும். வேண்டாம். 20 மி.லி.யில் 0.1 மி.லி. பிசகு என்பது அரை விழுக்காடுதான். திருத்திய எண்ணோ பல நேரம் உண்மை அளவிலிருந்து அதைவிட விலகிப் போகும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 0.1 நார்மல் மோர் உப்புக் கரைசல் 20 மி.லி.க்குப் பெர்மாங்கனேட் 19.6 மி.லி. செலவானது என்று வையுங்கள். பருமனையும் நார்மாலிட்டியையும் (ஒரு லிட்டரில் எத்தனை கிராம் சமான எடை என்று சொல்லும் செறிவு) பெருக்கினால் இருபுறமும் சமம். ஆகவே பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி 20 × 0.1 ÷ 19.6 = 0.1020. அதே பெர்மாங்கனேட், செறிவு தெரியாத ஃபெரஸ் சல்பேட் கரைசல் 20 மி.லி.க்கு 20.4 மி.லி. செலவானால், ஃபெரஸ் சல்பேட்டின் நார்மாலிட்டி 0.1041. இதைச் சமான எடை 278-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய 28.9 கிராம். நடுவில் நான்கு தசம இடம் வரை வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் சுருக்கலாம். சில சமான எடைகள் மனதில் இருக்கட்டும்: பெர்மாங்கனேட் 31.6, படிக ஆக்சாலிக் அமிலம் 63, மோர் உப்பு 392, சோடியம் ஹைட்ராக்சைடு 40, நீரற்ற சோடியம் கார்பனேட் 53. உங்கள் பாடத்திட்டம் மோலாரிட்டியில் கேட்டால் மோல் விகிதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஃபெரஸ், இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்சாலிக் அமிலம்.

அமில-காரத் தரம்பார்த்தலில் நிறங்காட்டி மாறும். ஆக்சாலிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் பினாப்தலீன். ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் கார்பனேட் என்றால் மெத்தில் ஆரஞ்சு. இரண்டு துளிக்கு மேல் வேண்டாம். பினாப்தலீனின் இளஞ்சிவப்பு சிறிது நேரத்தில் வெளுத்தால் பயப்படாதீர்கள். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைவதால் அப்படி ஆகும். அரை நிமிடம் நின்றாலே போதும்.

உப்புப் பகுப்பாய்வு

இதற்குத் தேவையான முதல் பொருள் வாலை வடிநீர். ஒரு மாணவி ஒரு வாரம் முழுக்க எந்த உப்பைக் கொடுத்தாலும் குளோரைடு என்று எழுதிக்கொண்டிருந்தாள். முறை எல்லாம் சரி, மனப்பாடமும் சரி. பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, சோதனைக்குழாயைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே பயன்படுத்திக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீரிலிருந்த குளோரைடுதான் சில்வர் நைட்ரேட்டோடு வெண்மையாகக் கலங்கியது. கடைசி அலசல் எப்போதும் வாலை வடிநீராக இருக்கட்டும். சந்தேகம் வந்தால், உப்பில்லாமல் வெறும் வாலை வடிநீரில் அதே சோதனையைச் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

உப்பைக் கொஞ்சமாக எடுங்கள், ஒரு பயறளவு போதும். நிறையப் போட்டால் கரையாது, வாயு பொங்கி வழியும், வீழ்படிவு வடிகட்ட நேரம் போகும்.

வரிசை இதுதான்: நிறம், வாடை, கரைதிறன், உலர்நிலையில் சூடாக்கல், சுடர் சோதனை, பிறகு நீர்த்த அமிலம், அடர் அமிலம், அதன்பின் உறுதிச் சோதனைகள். முதற்கட்டச் சோதனைகளைச் சடங்காகச் செய்துவிட்டுப் போகாதீர்கள், பல உப்புகள் அங்கேயே பாதி பேசிவிடும். சூட்டில் மஞ்சளாகி ஆறியதும் வெள்ளையானால் துத்தநாகம் நினைவுக்கு வர வேண்டும். சுடர் செங்கல் சிவப்பு என்றால் கால்சியம், கருஞ்சிவப்பு என்றால் ஸ்ட்ரான்சியம், ஆப்பிள் பச்சை என்றால் பேரியம், நீலம் கலந்த பச்சை என்றால் காப்பர். பேரியத்தின் பச்சை தெரியச் சற்று நேரமாகும், கம்பியைச் சீக்கிரம் எடுத்துவிடாதீர்கள்.

நீர்த்த அமிலத்தில் நுரைத்துப் பொங்கி, வாடையில்லாத வாயு வந்து சுண்ணாம்பு நீரைப் பாலாக்கினால் கார்பனேட். வாடை இல்லை என்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் சல்ஃபைட்டிலிருந்து வரும் கந்தக டைஆக்சைடும் சுண்ணாம்பு நீரைப் பாலாக்கும். அதற்கு எரியும் கந்தகத்தின் நெடி இருக்கும். சுண்ணாம்பு நீரில் வாயுவை அதிக நேரம் விட்டால் பால் நிறம் மறைந்துவிடும். பாலானதைக் கண்டதும் எடுத்துவிடுங்கள்.

எதிர்மின் அயனியை (குளோரைடு, நைட்ரேட் போன்றவை) உறுதி செய்ய சோடியம் கார்பனேட் சாறு தயாரிப்போம். உப்போடு சோடியம் கார்பனேட்டும் நீரும் சேர்த்துக் கொதிக்கவைத்து வடிகட்டுவது. உலோகம் பெரும்பாலும் கார்பனேட்டாக வடிதாளில் தங்கிவிடும், நமக்கு வேண்டிய அயனி சோடியம் உப்பாகக் கீழே இறங்கும். இந்தச் சாற்றில் கார்பனேட்டைத் தேடக் கூடாது, அதை நாமே சேர்த்திருக்கிறோம்.

இதில் ஒரு பெரிய கண்ணி உண்டு. சாற்றில் மிஞ்சிய கார்பனேட்டை அமிலம் சேர்த்துப் போக்க வேண்டும், பொங்குதல் நிற்கும்வரை. எந்த அமிலம்? சில்வர் நைட்ரேட் சோதனை என்றால் நீர்த்த நைட்ரிக் அமிலம். அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் அதன் குளோரைடே வீழ்படிவு தந்துவிடும். பேரியம் குளோரைடு சோதனை என்றால் கந்தக அமிலத்தைக் கிட்டே கொண்டுவரக் கூடாது. எதைத் தேடுகிறோமோ அதை நாமே உள்ளே ஊற்றிவிடக் கூடாது என்று நினைவில் வையுங்கள். அம்மோனியத்துக்கும் இதுவே. அதை முதலிலேயே, கொடுத்த உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கிப் பார்த்துவிட வேண்டும். பின்னால் வரும் தொகுதிகளில் நாமே அம்மோனியம் குளோரைடு சேர்ப்போம்.

சில்வர் நைட்ரேட்டோடு தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு வந்து அம்மோனியம் ஹைட்ராக்சைடில் கரைந்தால் குளோரைடு. வெளிர் மஞ்சளாக வந்து கொஞ்சமே கரைந்தால் புரோமைடு. மஞ்சளாக வந்து கரையவே மறுத்தால் அயோடைடு. நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனையில் அவசரம் உதவாது. ஃபெரஸ் சல்பேட் கரைசல் அப்போதே தயாரித்ததாக இருக்க வேண்டும். குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக மெதுவாக இறக்குங்கள். அது அடியில் போய்த் தங்கும், இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்தில் வளையம் தோன்றும். குலுக்கினால் வளையம் போய்விடும்.

நேர்மின் அயனிகளின் தொகுதி வரிசையை மாற்றவே கூடாது. முதல் தொகுதி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் (காரீயம்). இரண்டாவது, அமிலம் இருக்கும்போதே ஹைட்ரஜன் சல்ஃபைடு (காப்பர் போன்றவை). மூன்றாவது, அம்மோனியம் குளோரைடும் ஹைட்ராக்சைடும் (அலுமினியம், இரும்பு). நான்காவது, கார நிலையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு (துத்தநாகம், மாங்கனீசு, நிக்கல், கோபால்ட்). ஐந்தாவது, அம்மோனியம் கார்பனேட் (பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம்). ஆறாவது மெக்னீசியம். இரண்டாவதிலும் நான்காவதிலும் ஒரே வாயு, ஆனால் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி சல்ஃபைடு அயனியைக் குறைத்து வைக்கிறது. அதனால் மிகக் குறைந்த அளவு சல்ஃபைடிலேயே வீழ்படிவாகும் உலோகங்கள் மட்டும் இரண்டாவதில் இறங்குகின்றன. பொது அயனி விளைவு என்று பாடத்தில் படித்தது இதுதான்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு செலுத்தியதும் வெளிறிய பால் போன்ற கலங்கல் மட்டும் வந்தால் அதை வீழ்படிவாக எழுதாதீர்கள். அது பெரும்பாலும் பிரிந்து வந்த கந்தகம். இந்த வாயு நச்சு என்பதால் காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

காரீயத்துக்கு எனக்குப் பிடித்த உறுதிச் சோதனை ஒன்று. பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு வரும். அதில் நீர் சேர்த்துக் கொதிக்க வையுங்கள், கரைந்து தெளியும். குழாயை அசைக்காமல் ஆறவிட்டால் தங்கத் துகள்களைப் போல மின்னி மின்னிப் படிகங்கள் இறங்கும். ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் காரீயத்தை மறக்க மாட்டார்கள்.

கரிமச் சேர்மம்

இது சிறிய பகுதி. புகையோடு எரிந்தால் பெரும்பாலும் அரோமேட்டிக். சோடியம் பைகார்பனேட்டில் பொங்கினால் கார்பாக்சிலிக் அமிலம். நடுநிலை ஃபெரிக் குளோரைடில் ஊதா என்றால் பீனால். மோலிஷ் சோதனையில் ஊதா வளையம் என்றால் கார்போஹைட்ரேட். ஆல்டிஹைடுக்கான டாலன்ஸ் சோதனையில் கண்ணாடி போன்ற வெள்ளிப் பூச்சு வர, குழாய் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும், நீர்த்தொட்டியில்தான் சூடாக்க வேண்டும். டாலன்ஸ் கரைசலை அவ்வப்போது தயாரித்து, சோதனை முடிந்ததும் ஆசிரியரிடம் சொல்லி அகற்றிவிடுங்கள். நேரம் கழிந்தால் அதில் வெடிக்கும் தன்மையுள்ள பொருள் உருவாகலாம்.

எழுதும் விதம்

அட்டவணையில் கண்டதை ஒரு நெடுவரிசையிலும் அதிலிருந்து அறிந்ததை அடுத்த நெடுவரிசையிலும் எழுதுங்கள். ‘குளோரைடு வந்தது’ என்பது கண்டது ஆகாது, ‘தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு’ என்பதே கண்டது. நிறமற்ற கரைசலை வெள்ளைக் கரைசல் என்று எழுதாதீர்கள். ஒன்றும் நிகழாத சோதனையையும் விடக் கூடாது, ‘வீழ்படிவு இல்லை, முதல் தொகுதி இல்லை’ என்பதும் ஒரு முடிவு. பக்கத்து மேசைக்காரர் ‘உனக்கு காப்பர் சல்பேட்தான்’ என்று கிசுகிசுத்தாலும் உங்கள் குழாய் சொல்வதை எழுதுங்கள். இறுதி முடிவு தவறாகிப்போனாலும், முறையும் கண்டதும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தால் தேர்வாளருக்கு மதிப்பெண் போட இடமிருக்கும்.

வாய்மொழித் தேர்வில் தெரியாத கேள்விக்குத் ‘தெரியவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஊகித்து உளறினால் அதையே பிடித்துக்கொண்டு மேலும் இரண்டு கேள்வி வரும்.

தேர்வன்று

பருத்தி மேலங்கி, மூடிய செருப்பு, கட்டிய முடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. சோதனைக்குழாயின் வாய் உங்களையோ பக்கத்தில் நிற்பவரையோ பார்த்து இருக்கக் கூடாது. அடர் அமிலத்தை நீர்க்கச் செய்ய நேர்ந்தால் அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் தாராளமாகக் கழுவிவிட்டு உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள், மதிப்பெண் குறையுமோ என்று மறைக்காதீர்கள்.

கேள்வித்தாள் வந்ததும் செய்முறைச் சுருக்கத்தை எழுதி முடித்துவிட்டு எழுந்திருங்கள். உப்பையும் தரம்பார்த்தலையும் ஒரே நேரத்தில் கையில் எடுக்க வேண்டாம். என்னைக் கேட்டால் தரம்பார்த்தலை முதலில் செய்யச் சொல்வேன். அதற்குக் கை நிதானம் வேண்டும், நேரம் போகப் போக அந்த நிதானம் குறையும். ஆக்சாலிக் அமிலம் சூடாகும் இடைவெளியில் அட்டவணையைப் போட்டுக்கொள்ளலாம்.

முடிந்ததும் பியூரெட்டைக் காலிசெய்து, தண்ணீர் விட்டு அலசி, திருகைத் திறந்த நிலையில் தலைகீழாகப் பொருத்திவிட்டுப் போங்கள். அதில் இருந்தது சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் இன்னும் இரண்டு முறை அலசுங்கள். அப்படியே விட்டால் கண்ணாடித் திருகு இறுகிப்போய், அடுத்து அந்த மேசைக்கு வருபவருக்குத் திறக்கவே வராது.